ராணி படுத்துப் பார்த்த ஜன்னல்

"ஏரி இன்னிக்கு இன்னா நிறத்துல கீது?"

குதிரை லாயத்தில் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடக்கும் தசரதன் கண்ணைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். வாய் கொப்பளிப்பதுகூட அப்புறம்தான்.

"சாம்பல் நிறத்துல கீது," என்றாள் திரௌபதி.

"வெறும் சாம்பலா, பச்சை கலந்த சாம்பலா?"

"சாம்பல்னா சாம்பல்தான்."

"காத்து?"

"மூஞ்சிக்கு நேரா வருது."

"அடியே, நீ எந்தப் பக்கம் பாத்து நின்னியோ எனக்கு இன்னா தெரியும்? வடக்கேர்ந்து வர வாடையா, கெழக்கேர்ந்து வர கொண்டலான்னு கேக்கறேன். பொம்பளைய ஏரி பாக்க அனுப்புனா இந்தக் கதிதான்."

"ஆம்பளையா நீயே எழுந்து போய்ப் பாரேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தசரதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஐப்பசிப் புயலில் ஒரு பனைமரம் தொடைமேல் சாய்ந்த நாளிலிருந்து அவனுக்கு இதே கட்டில்தான். கட்டுப் போட்ட வைத்தியர், "அசையக் கூடாது. நடப்பானா இல்லையான்னு சித்திரையிலதான் சொல்வேன்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஏரியைப் பார்க்காமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சோறு பாதி அப்படியே திரும்பியது. ஊரையே சிரிக்க வைத்த மனிதன் இப்போது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தப் பத்தும் ஏரியைப் பற்றி.

லாயத்தில் ஜன்னல் இருந்தது. ஆனால் அது குதிரைக்கு வைத்த ஜன்னல். குதிரை தலையை நிமிர்த்தினால் காற்று முகத்தில் படும் உயரத்தில், கூரையை ஒட்டி இருந்தது. படுத்திருப்பவனுக்கு அதில் ஒரு கை அகல வானம் தெரியும், அவ்வளவுதான்.

"தை அமாவாசை வரட்டும்," என்றாள் திரௌபதி, அவன் பின்னந்தலையைப் பார்த்து. "மாடி நம்ம பாடு, நம்ம முறை. அந்தத் தாழ்ந்த ஜன்னலுக்கு நேரா உன்னப் படுக்க வெச்சுடறேன். அப்புறம் ஏரி இன்னா நிறம்னு நீ எனக்குச் சொல்லு."

"படி ஏறணுமே," என்றான் சுவரைப் பார்த்தபடி.

"ஏறுவோம்."

எப்படி என்று அவளுக்கும் தெரியாது.

அவர்கள் இருந்தது ஒரு ராஜாவின் மாளிகையில். பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களான டச்சுக்காரர்கள் வந்து உட்காருவதற்கு முன்பே, ஏரியின் மேற்குக் கரை மேட்டில் கஸ்தூரி ராயர் என்ற சிற்றரசர் கட்டிய மாளிகை. ஏரிச் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு, அதில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் முட்டை வெள்ளையும் கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பூசிய சுவர். கன்னத்தை வைத்தால் வழுக்கும். நடுவில் முற்றம். முற்றத்துக்கு முன்னால் கருங்கல் தூண்கள் நிற்கிற கொலு மண்டபம். பின்னால் ராணிகள் குளிக்கும் தொட்டி. ஏரியிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, ஏற்றத்தில் தொட்டி தானே நிரம்பவும் வற்றத்தில் தானே வடியவும் வைத்திருந்தார்கள். தூண்களெல்லாம் தெற்கத்தி வேலை, வளைவுகளெல்லாம் துருக்க வேலை. இரண்டு நாட்டுக் கொத்தர்களும் ஒரே சாரத்தில் நின்று சண்டை போட்டுக்கொண்டே கட்டினார்களாம்.

பிறகு வடக்கிலிருந்து கோல்கொண்டாப் படை வந்தது. ராயர் சண்டைக்குப் போனார், போனவர் போனவர்தான். ராணிகளைப் பல்லக்கில் ஏற்றி எங்கோ கொண்டு போனார்கள். அதற்கப்புறம் வௌவால்கள்தான் அங்கே அரசாண்டன. பேய் இருக்கிறது என்று ஒருவரும் கிட்டப் போகவில்லை.

ஐப்பசிப் புயல் அந்தப் பயத்தைத் தெளிய வைத்தது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் மணல் திட்டில் இருந்த குப்பத்தின் குடிசைகளை மட்டுமல்ல, திட்டையே அது அடித்துக்கொண்டு போயிற்று. குடிசை போனால் கட்டலாம். நிலமே போய்விட்டால்? இருபது சொச்சம் குடும்பமும் நனைந்த துணியோடு தோணியில் ஏரியைக் கடந்து மாளிகைக்குள் ஓடி வந்தன. விடிந்ததும் பேயை எல்லோரும் மறந்துவிட்டார்கள், யாருக்கு எந்த அறை என்று சண்டை பிடித்தார்கள்.

"நான்தான் மொதல்ல ஓடி வந்தேன்!"

"நீ மொதல்ல ஓடி வந்தது வீரமாடா? பயந்தாங்கொள்ளி!"

ஊர் நாட்டார் செங்கல்வராயன் எழுந்து நின்று சத்தம் போட்டார். "ஏரியில இப்படித்தான் அடிச்சுக்கிறோமா? அங்க இன்னா பண்றோம்?"

ஏரியில் பாடு வைப்பார்கள், யாருக்கு எந்த இடம் என்று முறை. மீன் குமியும் இடமும் உண்டு, சேறும் கோரையும் மட்டும் கிடைக்கும் இடமும் உண்டு. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம், ஒரு வீட்டுக்குச் சங்கு, ஒரு வீட்டுக்கு வலை ஈயம், ஒரு வீட்டுக்குப் பனங்கொட்டை என்று பானையில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வந்த வரிசைப்படி இடம். குறித்த நாள் வந்ததும் எல்லோரும் ஓர் இடம் நகர வேண்டும். இன்று சேற்றில் நிற்பவன் நாளை மீனில் நிற்பான். பாட்டை விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளக் கூடாது, அடுத்தவன் பாட்டைத் தொடக் கூடாது.

அதே பானை மாளிகைக்கும் வந்தது. மூன்று மாதத்துக்கு ஓர் அறை. செங்கல்வராயன் ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் தானாகச் செய்தார். இருப்பதிலேயே மட்டமான குதிரை லாயத்துக்கு அடுத்து, இருப்பதிலேயே உசத்தியான மாடி அறை வரும்படி வட்டத்தை வைத்தார். "லாயத்துல சாணி வாசனை புடிச்சவனுக்கு அப்புறம் மாடிக் காத்து," என்றார்.

திரௌபதி வீட்டுச் சங்குக்கு லாயம் வந்தது. மாடி குப்பம்மாவுக்கு. தசரதன் நிலைமையைப் பார்த்துப் பலரும், மாற்றி வைத்துவிடலாம் என்றார்கள். கட்டிலில் கிடந்தபடியே கத்தினவன் தசரதன்தான். "எனக்காகப் பாட்டை மாத்துனா நாளைக்கு அவனவன் காலை ஒடச்சிகினு வந்து நிப்பான்! தை அமாவாசைக்கு என் பாடு வரும். அப்ப போறேன்."

அப்படித்தான் காத்திருந்தார்கள். மார்கழி முடியப் போகிற சமயம், கோட்டையிலிருந்து ஒரு படகு வந்து கரை தட்டியது.

படகிலிருந்து இறங்கினவர் லூகாஸ் துரை. கோட்டையில் கட்டட வேலைக்கெல்லாம் மேலாள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்துபோன, நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை. கையில் அளவுகோல். கூட வந்த துபாஷி தருமலிங்கம் தலைப்பாகை நனையாமல் இறங்குவதிலேயே குறியாக இருந்தார்.

துரை யாரோடும் பேசவில்லை. மாடு வாங்க வந்தவர் மாதிரி சுவரைத் தட்டிப் பார்த்தார். விரலால் தடவினார். கிட்டப் போய் மோந்தும் பார்த்தார்.

"இன்னா, நக்கிப் பாப்பாரு போல கீதே," என்றாள் குப்பம்மா மாடியிலிருந்து.

கொலு மண்டபத்தில் தூணுக்குத் தூண் வலை கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். வலை காயப்போட அந்த இடைவெளிக்கு ஈடு எங்குமே இல்லை. உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்த துரை நேராக வலைக்குள் போய்விட்டார். அவரைப் பிரித்தெடுக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

"பெரிய மீனு," என்றார் செங்கல்வராயன். "யார் பாட்டுல விழுந்திச்சி?"

மண்டபமே சிரித்தது. துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வந்த காரியத்தைச் சொன்னார்.

"புயலில் கோட்டையின் ஏரிப் பக்கத்து மதில் விழுந்துவிட்டது. சித்திரைக்குள் எழுப்பியாக வேண்டும். செங்கல் சுட நேரம் இல்லை. இந்த மாளிகையின் கல் கேட்டு, இந்தச் சீமையை நிர்வகிக்கும் கோல்கொண்டா ஹவல்தாரிடம் போனோம். ஆளில்லாவிட்டால் எடுத்துக்கொள், ஆளிருந்தால் அந்தந்த அறைக்காரர் வாயால் சம்மதம் வாங்கிக்கொள் என்று உத்தரவு. சம்மதம் சொல்கிறவர்களுக்குக் கோட்டைக்குத் தெற்கே ஓட்டு வீடு கட்டிக் கொடுப்பார் துரை. நாளை மறுநாள் வேலை தொடக்கம். மேலிருந்துதான் பிரிக்க வேண்டும், ஆகையால் முதலில் மாடி."

திரௌபதி இடுப்பில் நண்டுக் கூடையோடு ஓரத்தில் நின்றிருந்தாள். "முதலில் மாடி" என்றதும் கூடை நழுவியது. நண்டுகள் மண்டபமெங்கும் ஓடின. ஒன்றையும் அவள் பொறுக்கவில்லை. துரை எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே போனாள்.

முதலில் நெல் களஞ்சியம். அங்கே அங்கமுத்து குடும்பத்தோடு கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"இந்த அறை யாருடையது?" என்று கேட்டார் துபாஷி.

"ராஜா படுத்த அறை சாமி இது. இந்த மூலையிலதான் கட்டில்."

"களஞ்சியத்திலா ராஜா படுத்தார்?"

"நெல்லு மேல படுத்தா குளிர்ச்சி."

"சரி. இப்போது யாருடையது? இடிக்கச் சம்மதமா?"

அங்கமுத்து கூழ்ச் சட்டியை வைத்துவிட்டு யோசித்தான். "தை அமாவாசை வரைக்கும் எங்க பாடு. அப்புறம் வேலு வீட்டு பாடு. அவனோடத நான் எப்படிக் குடுப்பேன்? வேலுவக் கேளுங்க."

வேலு குளியல் தொட்டிப் பக்கம் இருந்தான். தொட்டியில் உயிர் இறால் விட்டிருந்தான். ஏற்றம் வரும்போது புதுத் தண்ணீர் தானே வரும், ஒன்றுகூடச் சாகாது.

"ராஜா இங்கதான் படுத்தாரு," என்று தொடங்கினான்.

"தொட்டியிலா?"

"வெய்யக் காலத்துல."

"சம்மதமா?"

"எனக்கு அப்புறம் முனியம்மா வரா. அவளக் கேக்காம எப்படி?"

முனியம்மாள் அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டே சொன்னாள், தனக்கு அப்புறம் இன்னொருத்தர் என்று. ராஜா எங்கே படுத்தார் என்று துபாஷி அங்கே கேட்கவில்லை, அவளாகவே அடுப்பைக் காட்டினாள். இப்படியே அறை அறையாகப் போயிற்று. கேட்ட இடத்திலெல்லாம் ராஜா படுத்திருந்தார். கேட்ட இடத்திலெல்லாம் அடுத்தவரைக் காட்டினார்கள்.

துரை தன் பாஷையில் சீறினார். துபாஷி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "யார் உங்களுக்கு இந்தத் தந்திரம் கற்றுக்கொடுத்தது என்று துரை கேட்கிறார்."

"தந்திரமா?" செங்கல்வராயனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "கேட்டாரு, சொல்றாங்க. இதுல இன்னா தந்திரம்?"

கடைசியில் மாடி. படி ஏறும்போதே துரை முனகினார். ஒரு நேரத்துக்கு ஓர் ஆள்தான் ஏறலாம், அதுவும் தோளை ஒருக்களித்துக்கொண்டு. எதிரி வந்தால் மேலே ஒரே ஒரு காவலாளி நின்று தடுத்துவிடலாம் என்று அப்படி வளைத்து வளைத்துக் கட்டிய படி.

திரௌபதி கடைசி ஆளாக ஏறினாள். குப்பம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு கூடை நண்டு விவகாரத்தில் கார்த்திகையிலிருந்து பேச்சில்லை. அதோடு குப்பம்மாவின் அடுத்த பாடு புகை மண்டிய விறகறை. அவள் ஏன் மறுக்கப் போகிறாள்?

"ஓட்டு வீடா?" என்றாள் குப்பம்மா. "ஒழுகாதே?"

"ஒழுகாது."

"கெணறு கீதா?"

"பக்கத்திலேயே. நல்ல தண்ணீர்."

"அடேங்கப்பா." குப்பம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, நிதானமாக மென்றாள். திரௌபதிக்கு அவள் தாடையை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தலாம் போல இருந்தது. "நல்லாத்தான் கீது. எனக்கு ஆசையாக்கூட கீது. ஆனா குடுக்கறதுக்கு இது என்னுதா? அமாவாசையோட என் பாடு தீந்துச்சு. அடுத்தது, தோ நிக்கிறாளே கதவுகிட்ட, நண்டு திருடி, இவளோடது."

"யாருடி நண்டு திருடி?" என்றாள் திரௌபதி. குரல் மட்டும் தழுதழுத்தது.

"நீதான். இவ புருசன் கால் ஒடிஞ்சு லாயத்துல கெடக்கான் துரை. ஏரியப் பாக்கணும், ஏரியப் பாக்கணும்னு உசிர வெச்சுகினு கீறான். அவன் பாட்டை நான் குடுத்தா எனக்குச் சோறு செரிக்குமா?"

துபாஷி மொழிபெயர்க்கும்போது துரை கேட்கவில்லை. அவர் கண் ஜன்னலில் இருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கி, இடுப்பு உயரத்தில் முடிந்துவிடுகிற அகலமான ஜன்னல். நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. குனிந்து பார்த்தார், முதுகு பிடித்துக்கொண்டது.

"இவ்வளவு நல்ல கட்டடத்தில் இந்த ஒரு தப்பை எப்படி விட்டான் கொத்தன் என்று கேட்கிறார்," என்றார் துபாஷி.

குப்பம்மா சிரித்தாள். "தப்பா? படுத்துப் பாக்கச் சொல்லு."

"என்ன?"

"படுக்கச் சொல்லுய்யா. பாய் போட்டுத்தான் கீது."

துரை முதலில் தயங்கினார். பிறகு பூட்ஸ் காலோடு பாயில் நீட்டிப் படுத்தார். தலையைத் திருப்பினார்.



படுத்தவர் கண்ணுக்கு நேரே ஏரி முழுவதும் கிடந்தது. கரை தெரியாது, கட்டடம் தெரியாது. தண்ணீர்மேலேயே படுத்திருப்பது மாதிரி. தூரத்தில் பூநாரைக் கூட்டம், யாரோ செம்பருத்தியைக் கிள்ளித் தூவின மாதிரி. துரையின் ஒரு கை தானாகத் தரையைத் தடவியது, அலை வந்து தொடுகிறதா என்று பார்ப்பது போல.

நேரம் ஆயிற்று.

"தூங்கிட்டாரா?" என்று கிசுகிசுத்தார் செங்கல்வராயன்.

"முழித்துக்கொண்டுதான் இருக்கிறார்," என்றார் துபாஷி, கவலையோடு.

துரை படுத்தபடியே ஏதோ கேட்டார். யாருக்காகக் கட்டியது என்று கேட்கிறார் என்றார் துபாஷி.

"நான் சொல்றேன்," என்றாள் குப்பம்மா. "ராஜா இருந்த காலத்துல, கொமரியா இந்த வீட்டு அடுக்களைக்கு நண்டு கொண்டாந்து போட்டவ நான். சொந்த நண்டு." திரௌபதியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "சின்ன ராணி மலை நாட்டுப் பொண்ணு. தண்ணின்னா கெணத்துத் தண்ணி மட்டும்தான் தெரியும். இங்க வந்து ஏரியப் பாத்ததும் பைத்தியமாப் பூட்டா. நாள் பூரா மாடியிலதான். அப்பால முழுகாம இருந்தா. எழுந்தா புள்ள தங்காது, படுத்தே கெடக்கணும்னுட்டாரு வைத்தியரு. ஜன்னல் அப்ப நெஞ்சு ஒசரம். ஏரி தெரியலன்னு சோறு துன்னாம அழுதா. ராஜா கொத்தனக் கூப்ட்டாரு. சுவத்த ஒடச்சி ஜன்னலக் கீழ எறக்குன்னாரு. ஒடச்சா மேல பாரம் தாங்காதுன்னான் கொத்தன். தாங்குற மாதிரி எறக்குன்னாரு. தோ, பாரு அந்த வளைவு. அதான் தாங்குது."

துரை வளைவைப் பார்த்தார். எழுந்து போய் அதை உள்ளங்கையால் மெதுவாகத் தொட்டார். தட்டவில்லை.

"புள்ள பொறந்ததா?" என்று கேட்டார், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில்.

"ரெட்டப் புள்ள!" என்றாள் குப்பம்மா, தானே பெற்ற மாதிரி.

துரைக்கும் வேலை இருந்தது, கல் வேண்டியிருந்தது. லாயத்துக்கு இறங்கி வந்தார். கட்டிலில் கிடந்த தசரதனைப் பார்த்தார், கூரையை ஒட்டிய ஜன்னலைப் பார்த்தார். துபாஷியிடம் தணிந்த குரலில் பேசினார்.

"மாடி இப்போதைக்கு வேண்டாம் என்கிறார் துரை," என்றார் துபாஷி திரௌபதியிடம். "இந்த லாயத்தை மட்டுமாவது கொடுப்பாயா? இந்த அறையில் யாருக்கும் ஆசை இருக்காதே."

திரௌபதி முகம் மலர்ந்துவிட்டது. "இந்த லாயமா? மகராசனா இன்னிக்கே எடுத்துக்கோ! இந்த நாத்தத்துல—"

"திரௌபதி!"

கட்டிலிலிருந்து அந்தக் குரல். மூன்று மாதமாக ஊர் கேட்காத பழைய குரல்.

"நமக்கு அடுத்து இங்க யாரு வரது?"

"அங்கமுத்து."

"லாயம் இல்லன்னா அவன் எங்கேர்ந்து மாடிக்குப் போவான்? நம்ம பாடு வருதுன்னதும் அவன் பாட்ட வித்துடுவியா?"

வாசலில் நின்ற அங்கமுத்து தலையைச் சொறிந்தான். "பரவால்ல மாமா, நான்—"

"நீ கம்முனு கெட. உனக்கு ஒண்ணும் தெரியாது. லாயத்துல கெடந்து பாரு, அப்பத்தான் மாடி இன்னான்னு தெரியும்."

திரௌபதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "குடுக்க முடியாது சாமி," என்றாள் துபாஷியிடம். "வாய் தவறிச் சொல்லிட்டேன். எனக்கு அப்புறம் அங்கமுத்து."

துரை கவிழ்த்து வைத்திருந்த ஒரு கூடைமேல் உட்கார்ந்தார். கூடை நசுங்கியது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"இந்த வரிசையில் கடைசி ஆள் யார் என்று கேட்கிறார். அவனிடமே பேசிக்கொள்வாராம்."

"கடைசின்னு யாரு?" என்றார் செங்கல்வராயன். "வட்டமாச்சே. கடைசி ஆளுக்கு அப்புறம் மொத ஆளு."

துபாஷி அதைச் சொன்னதும் துரை சிரிக்கத் தொடங்கினார். கூடை இன்னும் நசுங்கியது. மூக்கு இன்னும் சிவந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"நானும் வட்டத்தில் சேரலாமா என்கிறார்," என்றார் துபாஷி, தன் காதையே நம்பாமல்.

"துரைக்கு வலை கீதா?" என்றான் வேலு.

"மண்டபத்துல அவரு மேலயே மாட்டிச்சே, அத்தக் குடுத்துடு," என்றாள் குப்பம்மா.

செங்கல்வராயன் தாடியைத் தடவினார். வௌவால் அறை ஒன்று காலியாகத்தான் இருந்தது. அம்பாரி வைக்கும் அறை, அந்த நாற்றத்துக்கு யாரும் அதைப் பானையில் போடவில்லை. "வௌவாலோட இருக்கத் தயாருன்னா சேரட்டும். ஆனா பாட்டுக்குள்ள வந்துட்டா துரையும் ஒண்ணுதான், அங்கமுத்துவும் ஒண்ணுதான். அடுத்தவன் பாட்டைத் தொடக் கூடாது."

துரை சட்டையிலிருந்து ஒரு பித்தளைப் பொத்தானைப் பிய்த்து நீட்டினார். சங்குக்கும் ஈயத்துக்கும் பனங்கொட்டைக்கும் நடுவே அது பானையில் டங்கென்று விழுந்தது.

"மாடி? எப்போ?" என்று கேட்டார் துரை, தமிழில்.

செங்கல்வராயன் விரல் விட்டு எண்ணினார், கை போதாமல் முனியம்மாளின் விரலையும் கடன் வாங்கிக்கொண்டார். "ஒரு நாலஞ்சு வருசத்துல வந்துடும். அதுவரைக்கும் மாளிகை நிக்கணும் துரை. நின்னாத்தான்."

துரை சுவரை மறுபடி தடவிப் பார்த்தார்.

"நிக்கணும்," என்றார்.

பிறகு தசரதன்தான் கேட்டான், கட்டிலிலிருந்து. "அவருக்குக் கல்லுதானே வேணும்? புயல்ல விழுந்த வெளி மதிலும் காவல் கோபுரமும் சேத்துல கெடக்குதே. அது யார் பாட்டுலயும் இல்லியே."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறைகளை மட்டுமே பானையில் போட்டிருந்தார்கள். விழுந்ததை யாரும் நினைக்கவே இல்லை.

மறுநாளே கோட்டை ஆட்கள் படகுகளோடு வந்து, சேற்றிலிருந்து செங்கலை எடுக்கத் தொடங்கினார்கள். வௌவால் அறையில் துரையின் கயிறுகளும் கப்பிகளும் குடியேறின. வௌவால்கள் மாடத்துக்கு மாறிக்கொண்டன. கோட்டைப் பெரிய துரை, மாளிகையையும் ஏன் இடிக்கவில்லை என்று லூகாஸ் துரையைக் கூப்பிட்டுக் கேட்டாராம். துபாஷி வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எனக்குச் சம்மதம்தான், ஆனால் எனக்கு அப்புறம் வேறே ஆள் இருக்கிறாரே என்றாராம்!"

தை அமாவாசை விடிந்தது. மாளிகை முழுக்கப் பாயும் சட்டியும் கோழியும் அறை மாறின. முற்றத்தில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அங்கமுத்துவின் மாமியார் ஆட்டோடு சேர்ந்து தவறான அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்றாள். இவ்வளவு கூச்சலுக்கும் நடுவில் திரௌபதி மட்டும் படியடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளே ஒருக்களித்து ஏறுகிற படியில் கட்டில் எப்படி ஏறும்? தொடையை மடக்கினால் கட்டுப் போட்டது வீண்.

"கட்டிலச் சாச்சிப் புடிச்சா?" என்றான் வேலு.

"உருண்டு வந்துடுவாரு."

"முதுகுல கட்டிகினு?"

"கால் இடிக்கும்டா."

லாயத்திலிருந்து தசரதன் குரல் கொடுத்தான். "விடுங்கப்பா. அடுத்த வட்டம் வரும்போது நடந்தே ஏறிக்கறேன்." சிரிப்பது போலத்தான் சொன்னான். சிரிப்பு பாதியில் நின்றது.

திரௌபதி ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். ஏரிப் பக்கம் நின்று மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். உயரம் குறைவு, அகலம் அதிகம். கட்டிலே படுக்கை வசத்தில் உள்ளே போகும். கீழே கோட்டைப் படகுகள் கல் ஏற்றிக்கொண்டிருந்தன. கப்பி கிறீச்சிட்டு, ஒரு வலைப்பை நிறையச் செங்கல் மேலே எழும்பியது.

"துரை!" என்று கத்தினாள். "அந்தக் கப்பி இன்னிக்கு எங்க பாடு!"

பெரிய மடிவலையை நான்காக மடித்தார்கள். தசரதனைக் கட்டிலோடு அதில் கிடத்தி, பிள்ளையைத் தொட்டிலில் கட்டுவது போல் நான்கு மூலையையும் சேர்த்துக் கட்டினார்கள். துரை தானே மொட்டை மாடி ஏறிக் கப்பியை வெளியே நீட்டிக்கொண்டிருந்த உத்தரத்தில் மாட்டினார். குப்பமே கயிற்றைப் பிடித்தது.

"ஏலோ!"

"ஐலசா!"

"மெதுவா, மெதுவா! ஆள் கீறான் உள்ள!"

"மூணு மாசத்துல இவ்ளோ கனம் ஏறிட்டியே மாமா! லாயத்துல கொள்ளு துன்னியா?"

"துரை கோட்டைக் கல்லெல்லாம் என் தலைமாட்டுல மறந்து வெச்சுட்டாருடா!" என்றான் தசரதன் வலைக்குள்ளிருந்து, ஊசலாடிக்கொண்டே. ஊர் சிரித்த சிரிப்பில் கயிறு ஒரு முழம் நழுவியது. எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள். துரை தன் பாஷையில் திட்டினார், யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மறுபடி ஐலசா. கட்டில் ஜன்னல் உயரத்துக்கு வந்தது. உள்ளே காத்திருந்த குப்பம்மாவும் திரௌபதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ராணியின் ஜன்னல் வழியாக, வலையில் சுற்றிய தசரதன் மாடிக்குள் வந்து சேர்ந்தான்.

வலையை அவிழ்த்தார்கள். குப்பம்மா தன் கடைசிச் சட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"நல்லா இருங்க," என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "அந்த நண்டுக் கூட என்னுதுதான். அத்த மறந்துடாத."

"நாளைக்கே குடுத்துடறேன்கா," என்றாள் திரௌபதி.

அறை அடங்கியது. தசரதன் தலையைத் திருப்பினான். ஏரி கண்ணுக்கு நேரே கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். திரௌபதி அவன் பக்கத்தில் பாயில் படுத்து, அவன் பார்க்கும் திசையிலேயே பார்த்தாள்.

"ஏரி இன்னிக்கு இன்னா நிறத்துல கீது?" என்று கேட்டாள்.



"கிட்டக்க முருங்கை எலப் பச்சை," என்றான். "அதுக்கு அப்பால ஈயம். நடுவுல, தோ அந்த நாரைங்க நிக்கிற எடத்துல, லேசாச் செவப்பு. வாடை எறங்கிப் போச்சு. ராத்திரிக்குள்ள கொண்டல் வந்துடும்." பிறகு அவன் கழுத்து நீண்டது. கண் இடுங்கியது. "யாரது, வேலுவா? டேய்! வேலு! அங்க போய் வலை போடறியே, தண்ணி போற பக்கம் தெரியல? தெக்கால போடா! தெக்கால!"

ஏரியில் வேலு திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தான். தசரதன் விடவில்லை. அந்தப் பக்கம் போன ஒவ்வொரு தோணிக்கும் ஒரு திட்டும் ஒரு யோசனையும் மாடியிலிருந்து போயிற்று. சாயங்காலத்துக்குள் ஏரியில் எவனும் நிம்மதியாக வலை வீச முடியவில்லை. ஆனால் பொரித்த மீனும் சோறும் போன தட்டு, மாடியிலிருந்து சுத்தமாகக் காலியாகி வந்தது.

கீழே விறகறையில், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் குப்பம்மா. மேலிருந்து இன்னொரு கூப்பாடு கேட்டது. அவள் செங்கல்வராயனைக் கூப்பிட்டாள்.

"ஏன் நாட்டாரே, அடுத்து பாடு மாத்தற அமாவாசை எப்ப?"

"அவன் பாடு சித்திரை வரைக்கும் கீது," என்றார் செங்கல்வராயன், காதைப் பொத்திக்கொண்டே. "மாத்த முடியாது."